காதோரம் ஒரு கடுகு

"நெத்தி ரெண்டு வெரல் அகலந்தானுங்க. எம்பட வெரல்ல சொல்றேன்."

"மூக்குங்க?"

"சின்னது. நுனி மட்டும் எந்நேரமும் சில்லுன்னு இருக்கும்."

மோனிஷா சிரித்துவிட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தாளில் 'மூக்கு – சில்' என்று எழுதினாள். பிறந்தநாள் கேக் மேல் வைக்கும் பொம்மைக்கு இப்படி அடையாளம் சொன்ன ஆளை அவள் கண்டதில்லை. மற்றவர்கள் போட்டோ அனுப்புவார்கள், கொஞ்சம் சிவப்பாகப் பண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

"கண்ணு கருப்புங்களா, பிரவுனுங்களா?"



"தூங்கற மாதிரி வெச்சுருங்க. ரெப்பை மசுரு மட்டும் நீளமா இருக்கட்டும்" என்றாள் அனுப்ரியா.

பல்லடத்தில் ஒரு நூல் கடையில் போன் எடுத்துப் பேசுகிற வேலை அவளுக்கு. மகளுக்கு வெள்ளிக்கிழமை முதல் பிறந்தநாள். அதற்கு மேல் மோனிஷாவுக்கு எதுவும் தெரியாது. குரல் தெரியும். போனை வைத்த பிறகும் அந்தக் குரல் அறைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.

முதலிபாளையத்தில் மோனிஷாவின் வீடு மாடியில். கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடும். பஞ்சுத் தூசி படியேறி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தரைக்கு இறங்க மனமில்லாமல் மிதக்கும். பொம்மை மேல் படிந்தால் வேலை கெட்டது. அதனால் ஜன்னலைச் சாத்தி, கதவில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைப் பிசைந்து உருவம் செய்வாள். ஒரு நாள் காயவிடுவாள். பிறகு மூன்றே மயிர் வைத்த பிரஷ்ஷால் புருவம், இமை, உதட்டுக்கோடு. மூச்சை நிறுத்தித்தான் வரைவாள். அப்போது அறை தண்ணீருக்கடியில் போய்விடும். தனக்கென்று ஒரு முகம் இருப்பதே மறந்துபோகும்.

மறப்பதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், பனியன் கம்பெனியின் அயர்ன் மேசையில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு அவள் இடது கன்னத்தைச் சுருட்டிவிட்டது. அதற்குப் பின் வெளியாள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இன்ஸ்டாகிராமில் அவள் கைகள் மட்டும் இருந்தன. பொம்மைப் பெட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். பைக் டாக்ஸிக்காரர் வந்து எடுத்துப்போவார்.

புதன்கிழமை பொம்மையின் போட்டோவை அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பாராட்டாக ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் போன்தான் வந்தது. வலது காதுக்கு முன்னால் குழந்தைக்கு ஒரு சின்ன மரு உண்டே, வைத்தாயிற்றா என்று கேட்டாள் அனுப்ரியா. பிரவுனில் ஒரு புள்ளி வரைந்திருப்பதாக மோனிஷா சொன்னாள்.

"வரைய வேண்டாமுங்க. உருட்டி ஒட்டுங்க. கடுகாட்ட."

மருவோடு நிற்கவில்லை. உச்சந்தலைச் சுழியையும் கீறிக் காட்ட வேண்டுமாம். ரெப்பை மயிரை நூலாகத் திரித்து ஒட்ட வேண்டுமாம். மோனிஷாவுக்கு எரிச்சல் வந்தது. ஊரெல்லாம் புகழ்கிற தன் பிரஷ்ஷை இவள் மட்டும் மதிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து செய்தாள். ஊசியால் சுழியைக் கீறி முடித்தபோது, பொம்மை தூக்கத்தில் ஒருமுறை மூச்சு விட்டதுபோல் இருந்தது.

முடித்துவிட்டதாகச் சொன்னதும் அனுப்ரியா சொன்னாள். "நாளைக்கு நானே வந்து பார்த்து வாங்கிக்கறேனுங்க."

மோனிஷா அவசரமாக மறுத்தாள். பைக் டாக்ஸியில் பத்திரமாக வந்துவிடும் என்றாள். இன்னும் பத்து போட்டோ அனுப்புகிறேன் என்றாள். கடைசியாக, "இங்க ஆருமே வந்து பார்க்கறதில்லீங்க" என்றாள்.

"எம் புள்ளை மொகமுங்க. நான் பார்க்காம எப்படீங்க?"

மதியத்துக்கு மேல் வரச் சொன்னாள் மோனிஷா.

மறுநாள் மதியம் துப்பட்டாவை முகத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். கண்கள் மட்டும் வெளியே. டியூப் லைட்டையும் அணைத்தாள். அவள் போகும்வரை தரையைவிட்டுப் பார்வையை எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

கதவைத் திறந்தபோது இரண்டு ஜோடிக் கால்கள் ஒட்டினாற்போல் வந்து நின்றன. குழந்தை தோளில் தூங்குகிறது, நான் வெளியிலேயே நிற்கிறேன் என்று அவள் கணவனின் குரல் சொன்னது. ஒரு ஜோடிக் கால்கள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேசையருகில் நின்றன.

"கை கழுவிக்கறேனுங்க."

பொம்மையைப் பார்க்க எதற்குக் கை கழுவ வேண்டும்? கேட்கத் தோன்றியும் கேட்கவில்லை. வீட்டுக்குள் அவளை நடமாட விடாமல் இருந்தால் போதும். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்தபடியே ஒரு கிண்ணத்துக்கு மேல் ஊற்றினாள். துண்டைக் கொடுத்தாள்.

"எங்கீங்க எம் புள்ளை?"

"உங்க முன்னாடிதானுங்க."

தாழ்ந்திருந்த பார்வைக்குள் ஒரு கை மெல்ல வந்தது. மேசை மேல் நீந்துவதுபோல் நகர்ந்து, பெட்டியின் விளிம்பில் தட்டி, ஏறி, பொம்மையின் நெற்றியில் போய் நின்றது. இரண்டு விரல்களை அங்கே பதித்து அளந்தது. மூக்கின் நுனிக்கு இறங்கியது. காதோரம் போய், கடுகைத் தொட்டதும் அசையாமல் நின்றுவிட்டது.

மோனிஷா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

அனுப்ரியாவின் கண்கள், சாத்திய ஜன்னலுக்கு மேலே எதிலும் படாமல் நின்றிருந்தன. முகம் மட்டும் மோனிஷாவின் மூச்சுச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. கையும் எழுந்து, துப்பட்டாவுக்கு ஒரு சாண் முன்னால் காத்து நின்றது.

"எம் புள்ளையப் பார்த்தாச்சுங்க அக்கா. உங்க மொகத்தையும் ஒருக்காப் பார்த்துக்கட்டுங்களா?"