மதில் கட்டிய வள்ளல்

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஆள் கடத்துனா ரெண்டு மடங்கு தண்டனைன்னு சட்டம் போட்டாச்சு. அத்தனை வருஷம் அடைச்சு வைக்க ஜெயிலுக்கு எங்கே போறது? கட்டப் பணம் ஏது?" அதிகாரி அலுத்துக்கொண்டார்.

"அதை விடுங்க சார். நான் நல்ல காரியமா வந்திருக்கேன்" என்றார் வள்ளல். "என் ஆபீசுக்கு எதிர்ல இருக்கிற பள்ளிக்கூடம் ஒரே தூசி, ஒரே ஹாரன் சத்தம். பிள்ளைங்க பாவம். ஊருக்கு வெளியே என் நிலத்துல புதுசா ஒண்ணு கட்டித் தர்றேன். அரசாங்கத்துக்குக் காலணா செலவில்லை."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வள்ளல் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். "மதிலை இன்னும் உசத்துய்யா."

"இவ்வளவு உசரம் எதுக்குங்க?" என்றார் கொத்தனார்.

"பிள்ளைங்க ஏறிக் குதிச்சிட்டா?"

ஜன்னல்களுக்கு இரட்டைக் கம்பி போட்டு, கட்டடத்தை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம்தான் நகரவில்லை. "அவ்வளவு தூரம் பிள்ளைங்களை அனுப்ப மாட்டேன்" என்று தலைமை ஆசிரியை ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

வள்ளல் இன்னொரு முறை அதிகாரியைப் பார்ப்பதற்குள் போலீஸ் முந்திக்கொண்டது. அவர் ஆபீசின் 'வெளிநாட்டில் வேலை' என்ற பலகைக்குப் பின்னால், பூட்டிய அறையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். எதிரே பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே, தண்டனை ரெண்டு மடங்கு.

வள்ளலை ஏற்றிய போலீஸ் வேன் ஊருக்கு வெளியே போய் நின்றது. வாசலில் அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"வாங்க சார்! சும்மா கிடக்குதேன்னு ஜெயிலாக்கிட்டோம். காலணா செலவில்லை!"

வள்ளல் மதிலை அண்ணாந்து பார்த்தார். கொத்தனார் அன்றைக்கே கேட்டார்.