நுனிநாக்கு ஆங்கிலம்

நாளை வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ. கணவனின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, அவன் வாயில் ஒரு ஸ்பூனை வைத்தாள் மனைவி.

“ருசி பார்த்துப் படிச்சா மறக்காது. இது என்ன, இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

“ஷுகர்.”

“தப்பு. இது?” எலுமிச்சைச் சாற்றை ஊட்டினாள்.

“வாட்டர்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வாரமா தொண்டை கிழியக் கத்துறேன், மண்டையில ஏறலையே. சரி, தமிழ்லயாவது சொல்லித் தொலைங்க.” முதலில் கொடுத்ததையே மறுபடி ஊட்டினாள்.

சப்புக்கொட்டி யோசித்தவன், “சர்க்கரைதானே?” என்றான்.

அவள் கையிலிருந்த உப்பு டப்பா நழுவி விழுந்தது.

“எப்போலேருந்து இப்படி?”

“போன மாசம் ஜுரம் வந்துச்சே, அப்போலேருந்து நாக்குல ஒண்ணுமே தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாத.”

நாளைய இன்டர்வியூ, ஒரு பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர் வேலைக்கு.