தங்கைக்குப் படைத்த சோறு

வேலணை வீட்டைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக, நோர்வேயில் இருந்த தங்கை சுகிர்தா இறந்துவிட்டதாக யோகமலர் பொய்ச் சான்றிதழ் எடுத்தாள். ஊர் நம்ப வேண்டுமே என்று ஆண்டுதோறும் திவசமும் செய்தாள்.

ஆறாவது திவசத்தன்று மத்தியானம் சுகிர்தா பெட்டியோடு வந்து இறங்கினாள். மாலை போட்ட தன் படத்தையும் முன்னால் முருங்கைக்காய்க் கறியோடு இருந்த படையலையும் பார்த்தாள்.

"வருசா வருசம் இந்தத் திகதியில எனக்குப் பசிக்கிறேல்ல அக்கா. வாயில உங்கட முருங்கைக்காய்க் கறி மணக்கும். இப்பதான் விளங்குது. நாளைக்கு நான் சமைக்கிறன். நீங்கள் ஒண்டும் சாப்பிடாதேங்கோ."

மறுநாள் சுகிர்தா அக்காவின் படத்துக்கு மாலை போட்டாள். இலையில் சோறு படைத்து, அக்காவின் பெயரைச் சொன்னாள்.

குசினி வாசலில் வெறும் வயிற்றோடு நின்ற யோகமலருக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டவள் போல ஏவறை வந்தது. அதில் சுகிர்தா வைத்த பூசணிக்காய்க் கறி மணத்தது.