குழாய்த் தண்ணி

“யோவ், குழாய்த் தண்ணியைப் பிடிச்சுக் குடுத்துட்டு சிறுநீர்னு சொல்றியே, எங்களைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா?”

மேலாளர் மேஜையில் தட்டிய தட்டில் பேனா உருண்டு விழுந்தது. எதிரே நின்ற லாரி ஓட்டுநர் அதைக் குனிந்து எடுத்துப் பவ்வியமாக நீட்டினார்.

ஓட்டுநர்களில் யார் போதை மாத்திரை போடுகிறார்கள் என்று பார்க்கக் கம்பெனி சோதனை வைத்திருந்தது. வீட்டிலேயே பிடித்து வரச் சொல்லி முந்தின நாளே ஆளுக்கொரு பாட்டில். அவ்வளவு புத்திசாலிக் கம்பெனி! மாட்டினால் வேலை போச்சு. இவர் பாட்டிலில் இருந்ததோ நிறமே இல்லாமல் இருந்தது.

“தண்ணி கலக்கவே இல்ல சார்.”

“கத்தாதீங்க சார்,” என்றார் கம்பெனி டாக்டரம்மா. “லேப்ல பார்த்தாச்சு. சிறுநீர்தான். போதை மருந்தும் இல்ல, சர்க்கரையும் இல்ல. ஆனா இவ்வளவு நீர்த்துப் போயிருக்கக் கூடாது.” ஓட்டுநர் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தாகம் அதிகமா?”

ஓட்டுநர் மேலாளரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“அதை ஏன் கேட்குறீங்க! குடம் குடமாக் குடிச்சாலும் அடங்காது. அதுவும் ஐஸ் தண்ணியாத்தான் வேணும். குடிச்ச கையோட பாத்ரூம். ராத்திரி பூரா இதே கூத்துதான், பக்கத்துல படுத்திருக்கிற ஆளு கண்ணை மூட முடியாது. பஸ்ல ஏறவே பயம்.”

“எப்போலேர்ந்து?”

“மாடிப்படியில விழுந்து தலையில அடிபட்டதுலேர்ந்து.”

மேலாளருக்குக் கோபம் வடிந்துவிட்டது. “முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னய்யா?” என்று தன் தண்ணீர் பாட்டிலையே நகர்த்தி வைத்தார். ஓட்டுநர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார்.

“இது சர்க்கரை வியாதி இல்ல,” என்றார் டாக்டரம்மா. “சிறுநீரைக் கட்டுப்படுத்துற ஹார்மோன் சுரக்காம போயிருக்கலாம். டெஸ்ட் எடுத்துத்தான் உறுதியாச் சொல்லணும். மருந்து இருக்கு, பயப்படாதீங்க.”

“அப்போ வேலை?”

“போய்யா, வேலைக்கு ஒண்ணும் ஆகாது,” என்றார் மேலாளர். ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஒரே ஒரு விஷயம்,” என்றார் டாக்டரம்மா. “தண்ணியை மட்டும் நிறுத்தவே கூடாது. நீங்க நிறுத்தினாலும் சிறுநீர் நிக்காது. உடம்பு வத்திப்போய் ரத்தத்துல உப்பு ஏறிடும். முதல்ல சோர்வு, எரிச்சல். அப்புறம் பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து.”

ஓட்டுநரின் முகம் வெளிறிப்போனது. “பேச்சு குழறுமா?”

“ஆமா. ஏன், உங்களுக்கு அப்படி ஏதாவது வந்துச்சா?”

ஓட்டுநர் இந்த முறை மேலாளரைப் பார்க்கவில்லை.

“டாக்டரம்மா, என் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்க. அந்தப் பாட்டில்ல இருந்தது என் பொண்டாட்டியோடது. என்னைத் தூங்க விடாம படுத்துறாளேன்னு, இனிமே தண்ணியைத் தொட மாட்டேன்னு நேத்து சாயங்காலம் என் தலை மேல சத்தியம் பண்ண வச்சேன். காலைல கிளம்பும்போது அவ பேச்சு குழறுச்சும்மா.”