உதைக்கிற டிவி

"பிளக்கைப் பிடுங்கிப் போட்ட டிவி ஒண்ணு, ஒரு ஆம்பளையை எட்டி ஒதைச்சு, ஜன்னல் வழியா பறக்க விட்டு, உப்பளத்துக்கு நடுவுல கொண்டு போய்ப் போட்டுச்சு. பார்த்தவன் நான்!"

தனக்கோடி இப்படிச் சொன்னதும் கூடமே சிரித்தது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீடு. விழுந்த இடியை இடுக்கியால் பிடித்துத் திருப்பி அனுப்பியதாக மரக்காணம் முழுக்கச் சொல்லித் திரிகிறவர்.

"யோவ் லைன்மேன், பண்டிகை நாளும் அதுவுமா புளுகாதய்யா" என்றார் இருசப்பன். அவர் வீட்டு டிவிதான் காலையில் குப்பென்று புகை கக்கிவிட்டு, முதுகு மூடி கழன்று மேசை மேல் கிடந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத் தீபாவளி. மகள் பூவிழிக்குத் தலை தீபாவளி. மாமியார் வீட்டில் பேர் வாங்க இதைவிட நல்ல நேரம் வராது என்று, வானூர் மாப்பிள்ளை கௌதம் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டான்.

"பாருங்க மாமா, இந்த ரெசிஸ்டர் கருகிப் போச்சு. எல்லாம் உப்புக் காத்து. எடுத்துட்டு வேற போட்டா ஓடும்."

"கையை வெக்காதீங்க தம்பி!" என்றார் தனக்கோடி. "பக்கத்துல தடியா நிக்குதே கண்டென்சர், அது மடை அடைச்ச பாத்தி மாதிரி. கரண்ட் வடியிற வழி கருகிப் போச்சுன்னா, பிளக்கைப் பிடுங்கினாலும் முந்நூறு வோல்ட்டு உள்ளயே தளும்பிட்டு இருக்கும். அந்த ஆளு அளத்துலேர்ந்து உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட வந்து நேரா கையை விட்டான். ஈரம், அதுல உப்பு வேற. சும்மா விடுமா?"

"யாருங்க அந்த ஆளு?"

"பேரைச் சொல்ல மாட்டேன். சத்தியம் வாங்கிட்டான்."

அடுக்களையில் மாமியார் சின்னப்பாப்பா களுக்கென்று சிரித்தாள். இருசப்பன் அந்தப் பக்கம் முறைத்துவிட்டு மீசையை முறுக்கினார்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது மாப்ள. மீசை வெச்சவனை டிவி ஒதைக்குமா? பொய்!"

"இருங்க, ஒரு பல்பு எடுத்தாந்து காட்டுறேன்" என்று தனக்கோடி தன் வீட்டுக்கு ஓடினார்.

"மாமாவே பொய்னு சொல்லிட்டீங்க. அப்புறம் என்ன பயம்?" என்றான் கௌதம். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. டிவிக்குள் இருந்த சர்க்யூட் போர்டைத் தூக்க விரல்களை அடியில் நுழைத்தான்.

இருசப்பனுக்கு வேர்த்தது. மீசையைப் பார்ப்பதா, மகளின் தாலியைப் பார்ப்பதா?

"ஐயோ மாப்ள, எடுங்க கையை!"

பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

தனக்கோடி ஹோல்டரில் மாட்டிய பல்போடு வந்து சேர்ந்தார். அதிலிருந்து தொங்கிய இரண்டு ஒயர்களையும் பிளாஸ்டிக் மூடிய பக்கமாகப் பிடித்து, முனைகளைக் கண்டென்சரின் இரண்டு கால்களிலும் வைத்தார்.

பளிச்!

பிளக் தரையில் கிடக்க, பல்பு தீபாவளி மத்தாப்பாக மின்னி அணைந்தது. மறுபடி வைத்தார். எரியவில்லை.

"வடிஞ்சிருச்சு. இப்ப வெய்யுங்க கையை."

கௌதம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அப்ப... டிவி ஒதைச்சது, அந்த ஆளு ஜன்னல் வழியா பறந்தது, எல்லாம் நெசமா மாமா?"

அடுக்களைச் சிரிப்பு இப்போது தெரு வரைக்கும் கேட்டது. இருசப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ஒதைச்சது நெசம்தான் மாப்ள. ஆனா ஜன்னல்னு இந்தாளு சொல்றது சுத்தப் புளுகு. நான் பின்வாசல் வழியாத்தான் போய் விழுந்தேன்!"