விலக்கப்பட்டோர் பட்டியல்

சன்னல் வழியே பனியின் வெளிச்சம் அமெரிக்க மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகக் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. லோரீன் உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு, மத்திய அரசு விலக்கிவைத்த ஒப்பந்தக்காரர்களின் பட்டியலில் மூன்றாம் முறையாக ஒரு பெயரைத் தேடுகிறாள்: கொரின் குபிசெக். பட்டியலில் அகப்பட்டால், வாஷிங்டன் பணத்தில் கட்டும் பாலத்தின் ஒப்பந்தம் கொரினுக்குக் கிடைக்காது. குபிசெக் என்பது லோரீன் பத்தொன்பது வருடம் சுமந்து, விவாகரத்தில் கழற்றி வைத்த குடும்பப் பெயர். இப்போது முன்னாள் கணவனின் புது மனைவி அதைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஒரு மோசடி, ஒரு பொய்க் கணக்கு, ஏதாவது இருக்காதா? விசையைத் தட்டுகிறாள். பதிவு எதுவும் இல்லை என்கிறது திரை. "இன்னும் எத்தனை தடவைடி தேடுவ? அவ மேல ஒண்ணும் இல்ல, விட்டுத் தொலை," என்கிறாள் பக்கத்து மேசை ட்வைலா, விரலில் ஒட்டிய டோனட் சர்க்கரையை நக்கியபடி. "வேலைய ஒழுங்கா பாக்குறது தப்பா?" என்கிறாள் லோரீன். அச்சு இயந்திரம் கரகரத்து, 'பதிவு இல்லை' என்ற அந்தப் பக்கத்தைத் துப்புகிறது. கோப்பில் அதைத்தான் சாட்சியாக வைக்க வேண்டும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் பேனாவை அழுத்தி, விறுவிறுவென்று கையெழுத்துப் போடுகிறாள் லோரீன். ட்வைலா எட்டிப் பார்க்கிறாள். விட்டுவிட்ட பழைய பெயரிலேயே, லோரீன் குபிசெக் என்று இருக்கிறது. ட்வைலா சிரிக்கவில்லை. "இன்னொண்ணு அச்செடு," என்கிறாள் மெதுவாக.