நடுவில் நின்ற பத்து வரி

முதலில் மற்ற நிரல்கள் கிழவர் என்று சிரித்தார்கள். அடுத்து, இணைய உலாவிக்குள் இடமில்லை என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். மூன்றாவதாக, சொன்ன விடையையே குப்பை என்றார்கள். எழுத்துப்பிழை திருத்தும் உலாவி நீட்சியில் போராடி இடம்பிடித்த பழைய சி மொழி நிரல் இதில் எதையும் மறக்கவில்லை. அவருக்கு எண்தான் புரியும். உலாவியின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொல்தான் புரியும்.

“இன்றைக்கும் உளறினால் உங்களை நீக்கிவிடுவேன், பெரியவரே,” என்றது ஜாவாஸ்கிரிப்ட்.

“உளறுகிறேனா? உனக்குத்தானடா காது கேட்கவில்லை!”

“ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லுங்க,” என்றது இருவருக்கும் நடுவில் புதிதாக வந்து நின்ற பத்து வரி இணைப்பு நிரல். சொல்லை எண்ணாக்கிக் கிழவரிடம் கொடுத்தது. அவர் தந்த எண்ணைச் சொல்லாக்கித் திருப்பியது. இணையப் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட மிஞ்சவில்லை. கிழவரின் இடம் தப்பியது.

“யார் வேலை இது?” என்று உலாவியில் திறந்திருந்த தாவல்கள் எல்லாம் கேட்டன.

எவருக்கும் நன்றி சொல்லிப் பழகாத கிழவர் எழுந்து நின்றார். இணைப்பு நிரலின் தலைப்பில் ‘எழுதியவர்’ என்று இருந்த பெயரை அத்தனை பேர் முன்னும் உரக்க வாசித்தார்:

“அஞ்சலை!”